ஒரு கையால் திறக்கும் கத்தி

அந்தத் துப்பட்டாவைத் தேர்ந்தெடுத்தது நான்தான். தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் சுடிதார் துணி வெட்டிக் கொடுக்கும் பிரிவில் பதினொரு வருடமாக நிற்கிறேன். கடை திறந்ததிலிருந்து மூடும்வரை கையில் கத்திரிக்கோல் இருக்கும். மகளுக்கு வேலை கிடைத்த வாரம் ஊதா நிற ஜார்ஜெட் துப்பட்டா ஒன்றை அவளுக்கென்று எடுத்து வைத்தேன். வீட்டில் கொடுத்தபோது, வாடிக்கையாளர்களிடம் சொல்கிற அதே வார்த்தைதான் வாயில் வந்தது.

“இழுத்துப் பாரு. கிழியவே கிழியாது.”

அவள் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

அடையாறில் ஒரு நிறுவனத்தில், தொலைபேசியில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. அவளுடைய குரலைக் கேட்டுத்தான் எடுத்தார்கள். அவள் எட்டாவது படிக்கும்போதே அவள் அப்பா இறந்துவிட்டார். அதன்பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். முதல் நாள் பஸ்ஸில் கசங்கிப் போக வேண்டாம் என்று என் பழைய மொபெட்டில் நானே கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மயிலாப்பூரிலிருந்து கச்சேரி ரோடு வழியாக வந்து சாந்தோம் ஹை ரோட்டில் திரும்பினோம். ஒரு பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் பின்னாலிருந்து “அம்…” என்று பாதிச் சத்தம் கேட்டது. மீதி வரவில்லை. வண்டியை யாரோ பிடித்து இழுத்ததுபோல் இருந்தது. இரண்டு பேரும் சாய்ந்து விழுந்தோம்.

நான் எழுந்து திரும்பிப் பார்த்தபோது அவள் மல்லாந்து கிடந்தாள். தலை பின்சக்கரத்தோடு ஒட்டியிருந்தது. துப்பட்டா சக்கரத்துக் கம்பிகளிலும் செயினிலும் சுற்றி, கழுத்தில் கயிறாக இறுகியிருந்தது. கண்கள் என்னைப் பார்த்தபடி இருந்தன. வாய் திறந்திருந்தது. சத்தம் இல்லை.

சக்கரத்தைப் பின்னால் சுற்றினேன். அசையவில்லை. விரலைக் கழுத்துக்கும் துணிக்கும் நடுவில் விட்டு இழுத்தேன். பிறகு பல்லால் கடித்தேன். ரோட்டில் முட்டி போட்டு, நாய் கடிப்பதுபோல் அந்தத் துணியைக் கடித்தேன். அது கிழியவில்லை.

“யாராவது கத்தி குடுங்க! கத்தி!”

அதற்குள் இருபது பேராவது கூடியிருப்பார்கள். ஒருவர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார். ஒருவர் பைக் சாவியை வைத்துத் துணியை அறுக்கப் பார்த்தார். இன்னொருவர் பிளேடு வாங்கிவருவதாகச் சொல்லி எதிர்ப்பக்கம் ஓடினார். எல்லாரும் நல்லவர்கள்தான். எவர் பையிலும் ஒரு பேனாக்கத்திகூட இல்லை. மகளின் உதடு நீலமாகத் தொடங்கியது.

அப்போது ஷேர் ஆட்டோவிலிருந்து மீன் கூடையோடு இறங்கிய ஒரு பெண் கூட்டத்தை முழங்கையால் தள்ளிக்கொண்டு வந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். கூடையை ரோட்டிலேயே போட்டாள். சாக்குத் துணியைப் பிரித்து மீன் வெட்டும் கத்தியை எடுத்தாள். “நவுரு, நவுரும்மா” என்று என்னைத் தள்ளினாள். கழுத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, சக்கரத்தை ஒட்டி, துணியை இரண்டே இழுப்பில் அறுத்தாள். மகள் நெஞ்சு தூக்கிப் போட மூச்சிழுத்த சத்தத்தை நான் இதுவரை யாரிடமும் விவரித்ததில்லை. இப்போதும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தாள். எலும்பு தப்பியது, குரல்வளை நசுங்கி வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். “குரல் வரும். ஆனா பழைய மாதிரி வரும்னு நான் சொல்ல மாட்டேன்.” மகள் சொல்ல வேண்டியதையெல்லாம் போனில் எழுதிக் காட்டினாள். முதலில் எழுதியது, ‘ஆபீஸுக்குச் சொல்லிட்டியா?’ என்று. சொல்லியிருந்தேன். பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அதை அவளிடம் சொல்ல எனக்கு மேலும் நான்கு நாள் ஆயிற்று.

வீட்டுக்கு வந்தபிறகு அவள் வெளியே போகவில்லை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். பேசச் சொன்னால் தலையை ஆட்டுவாள். நான் வேலைக்குத் திரும்பினேன். எல்லா நாளும் கையில் கத்திரிக்கோல் பிடித்தவள், வேண்டிய ஒரு நாளில் வெறுங்கையோடு போயிருக்கிறேன். துணியை மேஜையில் விரித்து வைக்கும்போதெல்லாம் இதே நினைப்பு. இனி ஒரு நொடிகூடக் கத்தி இல்லாமல் வெளியே போகக் கூடாது என்று முடிவு செய்தேன். அது முடிவா, பைத்தியமா என்று அன்றைக்குத் தெரியவில்லை.

முதலில் பையில் ஒரு சின்னக் கத்திரிக்கோலைத்தான் வைத்துக்கொண்டேன். பிறகு வீட்டில் சோதித்துப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் மகளின் உடைகளோடு சேர்த்துக் கவரில் போட்டுத் தந்த துப்பட்டாத் துண்டுகளை நான் எறியவில்லை. அதில் ஒரு துண்டை நாற்காலிக் காலில் இறுக்கிச் சுற்றினேன். கத்திரிக்கோலின் அலகு உள்ளே நுழையவே இல்லை. இறுகிய துணியில் கத்திரிக்கோலுக்கு வேலை இல்லை. மேலிருந்து அறுக்கிற கத்திதான் வேண்டும். கையடக்கமாக இருக்க வேண்டும், பையில் கிடந்தால் கையைக் குத்தாமல் மடங்க வேண்டும், என் சம்பளத்துக்கு எட்ட வேண்டும்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பாண்டி பஜாரில் தேட ஆரம்பித்தேன். முதலில் நடைபாதையில் சாவிக்கொத்தோடு வருகிற சுண்டுவிரல் அளவுக் கத்தி ஒன்று வாங்கினேன். அது தபால் உறைக்குத்தான் லாயக்கு. துணி மேல் வைத்து இழுத்தால் துணியும் கூடவே வந்தது. அடுத்து ஒரு பாத்திரக் கடையில் சிவப்புப் பிடி போட்ட ஒன்றைக் காட்டினார்கள். கத்தி, திருப்புளி, பாட்டில் திறப்பான் எல்லாம் ஒன்றாக மடங்கியிருந்தது.

“எதுக்குக்கா?” என்றார் கடைக்காரர்.

“காய் நறுக்க.”

“காய் நறுக்க மடக்குக் கத்தி எதுக்குக்கா? நல்ல கத்தி அந்தப் பக்கம் இருக்கு.”

பையிலிருந்து ஊதாத் துண்டை எடுத்தேன். கடை மேஜையின் காலில் சுற்றினேன். அவர் என்னையே பார்த்தார். கத்தியைப் பிரிக்க, அதன் முதுகில் இருந்த பள்ளத்தில் நகத்தை வைத்து இழுக்க வேண்டும். துணியையே பிடித்துப் பிடித்து என் நகங்கள் தேய்ந்தவை. இழுத்தேன், வரவில்லை. மறுபடி இழுத்தேன். உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்து எண்ணும்போது அவளுக்கு மூச்சு இல்லை. பதினைந்து எண்ணும்போது உதடு நீலம். இருபதில் கத்தி திறந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். பின்னால் அவர் “அக்கா, துணியை விட்டுட்டுப் போறீங்க” என்று கூப்பிட்டார். திரும்பி ஓடி வாங்கிக்கொண்டேன்.

அடுத்து மயிலாப்பூரில் மாடவீதிப் பக்கம் ஒரு கடையில் வாங்கிய கத்தி சுலபமாகத் திறந்தது. ஆனால் திறந்தபின் நிலையாக நிற்க அதில் பூட்டு இல்லை. எனக்கு அது தெரியவில்லை. வீட்டில் நாற்காலிக் காலோடு போராடும்போது அது சட்டென்று மடங்கி என் ஆள்காட்டி விரலில் இறங்கியது. நான்கு தையல். மகள் ஜன்னலிலிருந்து எழுந்து வந்து தரையில் சிந்திய ரத்தத்தைத் துடைத்தாள். அந்தக் கத்தியை எடுத்துக் குப்பையில் போட்டாள். போனில் எழுதிக் காட்டினாள்: ‘போதும்.’

எனக்குப் போதவில்லை. கட்டுப் போட்ட விரலோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாந்தோமை ஒட்டிய பட்டினப்பாக்கம் கடற்கரை ரோட்டுக்குப் போனேன். மீன் விற்கும் வரிசையில் அந்தப் பெண்ணைத் தேடினேன். மூன்றாவது முறை நடந்து திரும்பும்போது அவளே கூப்பிட்டாள்.

“இன்னாம்மா, சும்மா பாத்துக்கினே போற? சங்கரா கீது, வஞ்சரம் கீது.”

“மீன் வேணாம்மா. அன்னைக்கு சாந்தோம்ல… என் பொண்ணு… துப்பட்டா…”

அவள் கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள். “அய்ய, நீயா! பொண்ணு எப்டி கீது?”

“இருக்கா. வீட்டோட இருக்கா.”

“பேசுதா?”

“இன்னும் சரியா இல்ல.”

“அன்னிக்குப் பூரா எனக்குக் கை ஆடிக்கினே இருந்துச்சு. ஒரு மீனு வெட்டல நானு. கூடையோட வூட்டுக்குப் போய்ட்டேன். எங்க கழுத்துல பட்ருக்குமோன்னு.”

அவளுக்குக் கை நடுங்கியிருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். செதில் ஒட்டிய கை. பிறகு நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவள் தன் கத்தியைத் தூக்கிக் காட்டினாள்.

“இத்த எட்த்துகினு பஸ்ல போவியா? போலீஸ்காரன் புட்சிக்கினு போவான். இரு.”

சற்றுத் தள்ளி வலை சரி செய்துகொண்டிருந்த தன் கணவனைக் கூப்பிட்டாள். அவர் இடுப்புக் கயிற்றிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை எடுத்தார். கைக்குள் மறையும் அளவுதான். அலகில் கட்டைவிரல் நுழைய ஒரு ஓட்டை இருந்தது. விரலால் தள்ளியதும் ‘டக்’ என்று திறந்து நின்றது. அலகின் பாதி ரம்பம்போல் பல் வைத்திருந்தது.

“வல போய் போட் எஞ்சின் ஃபேன்ல மாட்டிக்கிச்சுன்னா, ஒரு கை தண்ணிக்குள்ள இருக்கும். இன்னொரு கையாலதான் தொறக்கணும்” என்றார்.

நான் ஊதாத் துண்டை எடுத்து ஒரு மூங்கிலில் சுற்றினேன். தையல் போட்ட விரலால் இறுக்க வராததால் அவர்தான் வாங்கி இறுக்கிக் கட்டினார். ஒரே இழுப்பு. துணி இரண்டாகி விழுந்தது. நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன்.

“பல்லு வெச்சதா வாங்கு. வழவழன்னு கீறது இந்தத் துணி மேல சறுக்கும். பூட்டு கீதான்னு பாரு” என்றாள் அவள். என் கட்டுப் போட்ட விரலைப் பார்த்துவிட்டு, “அது இல்லாமதான் இப்டி ஆச்சா?” என்றாள். “இன்னொண்ணு. பைக்குள்ள அடியில போட்டு வெக்காத. தேடி எடுக்கறதுக்குள்ள எல்லாம் முட்சிடும். இடுப்புல வை.”

அதுபோல ஒன்று ராயப்பேட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் கிடைத்தது. கடை பாய்க்கு அறுபது வயதிருக்கும். மூன்று நான்கு கத்திகளை எடுத்துப் பரப்பினார். நான் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து மூடினேன். பூட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

“எதுக்கும்மா இது, கேக்கலாமா?”

காய் நறுக்க என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அழுகைதான் வந்தது. கடையில் நின்றபடி, முன்பின் தெரியாத ஒரு மனிதர் முன்னால், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. இருப்பதிலேயே சின்னதாக, பல் வைத்த ஒன்றை எடுத்தார். மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, நான்கைந்து முறை திறந்து மூடிப் பழக்கினார்.

“மூடறப்போ மட்டும் கட்டைவிரலை இந்தப் பக்கம் வெக்காதீங்க. பூட்டை அமுக்கிட்டு விரலை எடுத்துடுங்க. அவசரம் வேணாம்.” விலை முந்நூற்றைம்பது என்றார். அந்த விலைக்கு அவ்வளவு நல்ல பொருள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கத்தி கிடைத்ததும் மனசு அமைதியாகும் என்று நம்பியிருந்தேன். ஆகவில்லை. இடுப்பில் ஒரு சின்னத் துணிப்பை தைத்துக் கட்டிக்கொண்டேன். அடுப்பில் பால் வைத்துவிட்டுத் திறந்து பார்ப்பேன். குளியலறையில் கண்ணை மூடிக்கொண்டு திறந்து பார்ப்பேன். மூன்று எண்ணுவதற்குள் திறந்துவிட்டால் அவள் பிழைத்தாள். நான்கு ஆகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. கடையில் சாப்பாட்டு அறையில் மூலையில் திரும்பி நின்று பழகினேன். பக்கத்துப் பிரிவில் வேலை செய்கிற பெண் ஒரு நாள் பார்த்துவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போனாள்.

ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பியபோது மகள் தரையில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் பிஸ்கட் டப்பா திறந்திருந்தது. ஒவ்வொரு கத்தியாலும் நான் அறுத்துப் பார்த்த துண்டுகளை அதில்தான் போட்டு வைத்திருந்தேன். தரை முழுவதும் ஊதாத் துண்டுகள்.

அவள் வாய் திறந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான். காய்ந்த ஓலை தரையில் இழுபடுவதுபோல் இருந்தது குரல்.

“இது என் துப்பட்டாதானே?”

“ஆமா.”

“எத்தனை தடவை வெட்டிப் பாத்தே?”

“தெரியல.”

“ஒவ்வொரு தடவையும் நான் கீழ கிடந்தேனா?”

பொய் சொல்லியிருக்கலாம். “ஆமா” என்றேன்.

அவள் என் கையைப் பிடித்து இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். “எனக்கு மூச்சு வருதும்மா. பாரு. வருது.” அழுதுகொண்டே துண்டுகளைப் பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். இனி பழக மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். மறுநாள் காலை கத்தியை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போனேன்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து நடந்தது இது. மாலை நாலரை மணி. டீ குடிக்க வெளியே வந்து பனகல் பார்க் சிக்னல் பக்கம் நின்றிருந்தேன். சிவப்பு விளக்கில் ஒரு பைக் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் மஞ்சள் துப்பட்டா ஒரு பக்கம் சரிந்து, நுனி சக்கரத்தை உரசிக்கொண்டிருந்தது.

“பாப்பா! துப்பட்டா! துப்பட்டா!” என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை. பச்சை விழுந்தது. பைக் நகர்ந்தது. நான் ரோட்டில் இறங்கி ஓடினேன். ஒரு பஸ் பிரேக் போட்டது. ஆட்டோக்காரர் ஒருவர் “சாவுகிராக்கி!” என்று திட்டினார். நெரிசலில் பைக் மெதுவாகத்தான் போனது. எட்டித் துப்பட்டாவைப் பிடித்துவிட்டேன். அந்தப் பெண் திரும்பி என்னைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். அலறினாள்.

என் வலது கையில் கத்தி திறந்திருந்தது. எப்போது எடுத்தேன், எப்போது திறந்தேன் என்று எனக்குத் தெரியாது.

நான்கு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். “இன்னா, செயின் அறுக்கற கேஸா?” என்றது ஒரு குரல். போக்குவரத்துக் காவலர் ஒருவர் வந்து கத்தியை வாங்கினார். என்னை ஓரமாக உட்கார வைத்து, எதுக்கும்மா கத்தி, எதுக்கு அந்தப் பொண்ணு மேல பாஞ்சே என்று கேட்டார். “துப்பட்டா, துப்பட்டா” என்பதைத் தவிர எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. என் போனை வாங்கி, அதில் முதலில் இருந்த எண்ணுக்கு அவரே பேசினார். அது மகளின் எண்.

வெளியே போகாமலிருந்தவள் அன்றைக்குத் தனியாக ஆட்டோ பிடித்து வந்தாள். அரைமணி நேரம் ஆகியிருக்கும். மஞ்சள் துப்பட்டாப் பெண்ணும் அவள் கணவனும் இன்னும் அங்கேதான் நின்றிருந்தார்கள். மகள் நேராகக் காவலரிடம் போனாள்.

“சார், எங்கம்மா திருடி இல்ல.”

“சத்தமா சொல்லும்மா. கேக்கல.”

“இதுக்கு மேல எனக்குச் சத்தம் வராது சார்.” அவள் சுடிதாரின் கழுத்துப் பட்டியை விலக்கிக் காட்டினாள். பழுப்பாக மாறிய கோடு இன்னும் இருந்தது. அந்த உடைந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். சாந்தோம், சக்கரம், பல்லால் கடித்தது, மீன்காரம்மா. இடையில் இரண்டு முறை இருமினாள். சுற்றி நின்றவர்கள் கேட்பதற்காகக் கிட்டே வந்தார்கள். மஞ்சள் துப்பட்டாப் பெண் பேச்சு முடிவதற்குள் துப்பட்டாவைச் சுருட்டிப் பைக்குள் திணித்துவிட்டாள். “ஆன்ட்டி, ஸாரி” என்று என் பக்கத்தில் குனிந்தாள். எனக்கு நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது.

காவலர் கத்தியை மடக்கத் தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மகள் வாங்கி, பூட்டை அமுக்கி, விரலை விலக்கி மூடினாள். “இது இனிமே உங்கிட்டயே இருக்கட்டும்மா” என்றார் அவளிடம்.

இப்போது அவள் அசோக் நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். வருகிறவர்களின் பெயரைக் கணினியில் பதிகிற வேலை. “கொஞ்சம் சத்தமா பேசும்மா” என்று ஒரு நாளைக்குப் பத்து பேராவது சொல்கிறார்களாம். மொபெட்டை விற்றுவிட்டோம். கத்தியை எங்கே வைத்திருக்கிறாள் என்று நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

காலையில் அவள் பஸ் ஏறும்வரை நிற்கிறேன். போய்ச் சேர்ந்ததும் போனில் ‘வந்துட்டேன்’ என்று அனுப்புவாள். அது வரும்வரை என்னால் யாருக்கும் துணி வெட்ட முடிவதில்லை. வாடிக்கையாளர்கள் மேஜை முன்னால் நின்றுகொண்டே இருப்பார்கள். எங்கள் மாடியின் மேற்பார்வையாளர் இரண்டு முறை தனியாகக் கூப்பிட்டு எச்சரித்துவிட்டார். மூன்றாவது முறை என்ன சொல்வார் என்று தெரியவில்லை. ஒன்பதரைக்குள் வந்துவிடுகிற அவளுடைய செய்தி இன்றைக்கு வரப் பத்தே கால் ஆகிவிட்டது.